உலாப் போனவர்களும் வீதியில் நின்றவர்களும்

‘சுற்றுலா’ என்பது நமக்கு மிகப் பழைய சொல் அல்ல. சுற்று, உலா என்ற இரண்டு பழஞ்சொற்களை ஒட்டவைத்துச் செய்தது. ஒட்டவைத்தபோது உலா என்ற சிற்றிலக்கிய வகையின் நினைவும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. எம்.ஏ. தமிழ் படித்த எல்லோருக்கும் இது தேர்வுக்கு வரும் பாடம்தான். பாட்டுடைத் தலைவன் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்களும் வீதியில் நின்று பார்த்து மையலுறுவார்கள். பவனி முடிந்து அவன் அரண்மனைக்குப் போய்விடுவான். நின்றவர்கள் நின்றபடியே இருப்பார்கள். இயக்கம் ஒருவனுக்கு மட்டும். மற்ற எல்லோரும் அந்த இயக்கத்துக்கான பின்புலம். உதகமண்டலத்தின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சீசனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு அப்போது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் 1 முதல், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். சூழலியல் நண்பர்கள் வரவேற்றார்கள். மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்பதுதான் இந்தச் சொல்லாடலின் மையக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வி எப்போது கேட்கப்படுகிறது, எப்போதெல்லாம் கேட்கப்படாமல் இருந்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் அவருடைய கல் பங்களா எழுந்தது. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. நிலம் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று சொல்கிறார்கள். சல்லிவனை வெறும் வில்லனாக்கிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடும். ஆனால் இந்த நிலம் தோடர்களின் உடைமை, அரசுக்கு இதில் பாத்தியதை இல்லை என்று விடாமல் வாதாடியவரும் அதே சல்லிவன்தான். சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில் இது பெரிய தகராறாகவே ஆனது. தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமையே தவிர நில உடைமை அல்ல என்ற இடத்துக்குத்தான் கம்பெனி கடைசியில் வந்து சேர்ந்தது. தன்னிடம் விற்பதற்காவது தோடர்களுக்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று சல்லிவன் நினைத்திருக்கலாம் என்று குதர்க்கமாகவும் வாசிக்கலாம். எப்படியானாலும் ஓய்வுக்கான இடம் ஒன்று உருவாவதற்கு முன்னால் அங்கே ஏற்கனவே இருந்தவர்களின் இருப்பு ‘மேய்ச்சல்’ என்று சுருக்கப்பட வேண்டியிருந்தது.

1823-25இல் சல்லிவன் ஓடைகளை மறித்து ஏரி கட்டினார். இன்று நாம் படகு விடுகிற ஏரி. பிறகு வந்தவை ஒவ்வொன்றும் ஒரு வசதி. ஐரோப்பியர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய காய்கறிகளை விளைவிக்கச் சந்தா போட்டு ஆரம்பித்த தோட்டம், 1848இல் கியூவிலிருந்து வந்த மெக்ஐவர் கையில் தாவரவியல் பூங்காவாக மாறியது. 1841இல் கிளப். நரி கிடைக்காததால் குள்ளநரியைத் துரத்துகிற வேட்டை, அதுவும் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளின் மேலேயே. 1886இல் குதிரைப் பந்தயம். 1896இல் மலர்க் காட்சி. ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதிமுறைகள் எழுதப்பட்டதுகூட ஊட்டி கிளப்பில்தான் என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்கிறார்கள். நமக்கு அதில் என்ன பெருமை என்பது விளங்கவில்லை.

1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் மலைக்குக் குடிபெயர ஆரம்பித்தது. வருஷத்தில் பாதி. கவர்னர், கவுன்சில், செயலர்கள், எழுத்தர்கள், பெட்டி பெட்டியாகக் கோப்புகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல்தான் ரயில் வந்தது. உதகை வரை நீண்டது 1908இல். அதற்கு முன்பு மஞ்சலிலும் டோலியிலும் மாட்டு வண்டியிலும் ஏறினார்கள் என்று எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தில் எழுவாய் தவறு. ஏறியது சுமைகூலிகளின் கால்கள். உட்கார்ந்திருந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு 1870களின் இறுதியில் அங்கே ஒரு அரசு மாளிகையும் கட்டினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சமவெளியில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததும் அதே கவர்னரின் ஆட்சியில்தான். இந்த வருடாந்தரக் குடிபெயர்ப்பைச் சென்னையின் சுதேசிப் பத்திரிகைகள் கண்டித்தன, பொதுப்பணத்தில் நடக்கும் உல்லாசம் என்று. அது கண்டிப்போடு நின்றது. மலை எவ்வளவு கவர்னர்களைத் தாங்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

உலாவின் இலக்கணம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. தலைவன் வருகிறான், ஊர் நிற்கிறது. தாவரவியல் பூங்காவின் மேட்டில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. தோட்டம் அதைச் சுற்றி வளர்ந்து வந்தது. பூக்களைப் பார்த்து முடித்தவர்கள் மேலேறி அந்த வீடுகளையும் அங்குள்ள மனிதர்களையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். குடியிருப்பு காட்சிப் பொருளாகிவிட்ட பிறகு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகூட வசதிகளில் ஒன்றாகிவிடுகிறாள்.

இந்த இலக்கணம் எப்போது கலைந்தது? என் வாசிப்பில், நாங்கள் பஸ்ஸில் ஏறியபோது.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. நாமக்கல் பக்கம். தறி ஓடினால்தான் கூலி என்கிற வாழ்க்கையில் ஓய்வு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம், தறி நின்றுபோவது. தமிழில் ஓய்தல் என்றாலே முடிதல், மெலிதல், அற்றுப்போதல் என்றுதானே பொருள்! மழை ஓய்ந்தது என்கிறோம், ஆள் ஓய்ந்துபோய்விட்டான் என்கிறோம். பொழுதைப் போக்க வேண்டிய ஒரு சுமையாக நினைக்கிறவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு. 2003இல் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். காசு கட்டுவதற்கு அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தறி ஓட்டினார். ஒரு மனிதனின் ஓய்வை எடுத்து இன்னொரு மனிதனுக்குக் கொடுத்த கணக்கு அது.

ஊட்டியை நாங்கள் ஏற்கனவே பார்த்திருந்தோம், சினிமாவில். 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் நடப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். போக முடியாதவர்களுக்கு ஊட்டியைத் திரையில் கொடுத்து ஏக்கத்தை உற்பத்தி செய்தது தமிழ் சினிமா. இன்னொரு வேடிக்கை, படச்சுருள் தயாரித்த பொதுத்துறை நிறுவனம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்ததும் அதே ஊட்டியில்தான். 1960இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. பூங்காவில் எங்கள் வகுப்பை நிறுத்தி எடுத்த படம் ‘இந்து’ பிலிமில் எடுத்ததா என்று சொல்ல முடியாது. படமும் இப்போது இல்லை.

நாங்கள் பார்த்தது ஏரி, பூங்கா, தொட்டபெட்டா. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. ராத்திரி பஸ்ஸிலேயே படுத்தோம். குளிரில் ஒருத்தன் மேல் ஒருத்தன். காலையில் ரோட்டோரமாக நிறுத்தி, எடுத்துப் போயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். பையன்கள் மரத்துக்குப் பின்னால் போனோம். கூட வந்த பிள்ளைகள் தண்ணியே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரு டீச்சர் பொறுக்கமாட்டாமல் ஒரு தங்கும் விடுதியில் போய்க் கேட்டிருக்கிறார். ‘ரூம் எடுத்தவங்களுக்குத்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தில் ஊட்டியின் முழுச் சரித்திரமும் இருப்பதாக இப்போது படுகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், ‘அங்கெ போயி என்னத்தடா பாத்தெ?’ நான் ‘ரோசாப்பூ’ என்றேன்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் வந்தது. சுற்றுலா ஜனநாயகமானது என்று சொல்வார்கள். பாதி உண்மை. காட்சிமுனைகள் ஜனநாயகமாயின, கழிப்பறையும் படுக்க இடமும் ஆகவில்லை. பார்ப்பதற்கான ஏற்பாடு எல்லோருக்கும், இருப்பதற்கான ஏற்பாடு காசுள்ளவர்களுக்கு. அரசு செய்ய வேண்டிய இடத்தைத் தனியார் காட்டேஜ்கள் நிரப்பின. மலைச் சரிவைச் செங்குத்தாக வெட்டிக் கட்டினார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலையில் வீடுகட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள், பார்க்க வந்தவர்கள் அல்ல.

ஆகவே இ-பாஸை நான் எதிர்க்கவில்லை. எண்ணிக்கை என்ற மொழியில் எனக்கு நம்பிக்கைக் குறைவு, அவ்வளவே. எண்ணிக்கை எல்லோரையும் ஒரே மாதிரி எண்ணுகிறது. ஒரு காரில் வந்து ஒரு பங்களா முழுவதையும் வாடகைக்கு எடுத்து, தொட்டி நிறையத் தண்ணீர் செலவழிக்கிற நான்கு பேரும் ஒரு வாகனம். ஐம்பது பேர் படுத்துத் தூங்குகிற பள்ளிக்கூட பஸ்ஸும் ஒரு வாகனம். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று வைத்தார்களே, அந்த ஒரு விதிவிலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேலே போய் இறங்கியதும் அந்தப் பஸ் பயணி எங்கே போவான் என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் இடமில்லை. 2000ஐ ஒட்டி மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள், தண்ணிக்கு எங்கே போவது என்று. பிறகு சாலையோரங்களில் குடிநீர் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. கேட்டால்தான் வருகிறது.

2024 ஜூலையில் குதிரைப் பந்தய மைதானத்தை அரசு கையகப்படுத்தியது. 52.34 ஏக்கர். 1978இலேயே குத்தகை முடிந்துபோன இடம், பாக்கி மட்டும் 822 கோடி ரூபாய் என்றார்கள். ஊரின் நட்டநடுவே இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு வருஷத்தில் சில வாரங்கள் குதிரை ஓட்டியவர்களின் பொழுதுபோக்கை மலை தாங்குமா என்று அந்த 46 வருஷமும் எந்தக் குழுவும் ஆய்வு செய்ததாகத் தெரியவில்லை. அங்கே சுற்றுச்சூழல் பூங்கா வரும் என்றார்கள். மறுபடியும் பூங்கா! பார்ப்பதற்கு. எனக்கு ஒரு எளிய ஆசை இருந்தது. அதில் ஒரு மூலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூலிக்காரக் குடும்பங்களும் பத்து இருபது ரூபாயில் படுத்து எழுந்து போகிற மாதிரி ஒரு சத்திரம். பழைய அர்த்தத்தில் சத்திரம். திருவிழாக்கூட்டத்துக்குச் சத்திரமும் சாவடியும் கட்டத் தெரிந்த சமூகம்தான் இது. அந்தக் கட்டுமானத்திலும் சாதி இருந்தது என்பதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை.

இந்த மைதானத்துக்கு இன்னொரு பூர்வீகம் உண்டு. சல்லிவன் கட்டிய ஏரி இப்போதிருப்பதைவிடப் பெரியது. அதைத் தூர்த்துத் தூர்த்துத்தான் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் வந்தன. மிஞ்சிய ஏரியில் ஊரின் கழிவு கலக்கிறது. பஜார்ச் சாக்கடை ஏரியில் இறங்குவதைப் பற்றிய புகார்கள் வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளிலேயே இருக்கின்றன. சாக்கடை பஜாருடையது, ஏரி துரைகளுடையது என்று அப்போது பிரித்து எழுதினார்கள். இப்போது அறைகளின் கழிவு, படகு விடுகிறவர்களின் ஏரி. விடுதிகளில் துணி வெளுப்பவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், கேரட் கழுவுகிறவர்கள் என்று இந்தத் தண்ணீரோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்களில், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும் உண்டு. அங்கே ஒரு மலை, இங்கே ஒரு மலை. இரண்டிலும் அவர்கள் வீதியில் நின்றவர்கள்தான்.

ஏரிக்குக் கழிவைக் கொண்டுவருகிற கால்வாயின் பெயர் கோடப்பமந்து. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளும் சிதைந்து கிடப்பது அந்த மந்துதான். மேலே, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் அணைகளில் ஒன்றுக்கும் கோடப்பமந்து என்றுதான் பெயர். மார்லிமந்து என்று இன்னொன்று. போன வருஷம் ஒரு கூட்டத்துக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் போயிருந்தேன். மத்தியானம் வேலை இல்லாததால் கால்வாய் ஓரமாக நடந்தேன். நாற்றம் இருந்தது. பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தியிருந்த ஒருவரிடம், வேண்டுமென்றே, இது என்னங்க என்று கேட்டேன்.

‘சாக்கடைங்க. கோடப்பமந்து கால்வாய்ம்பாங்க.’

‘மந்துன்னா?’

கொஞ்சம் யோசித்தார். ‘அது பேருங்க’ என்றார். பிறகு போட்ஹவுஸ் போகணுமா என்று கேட்டார்.