மூர் மார்க்கெட்டும் அதன் இசையும்

சென்னை வழியாக வடநாட்டுக்குப் புறப்பட்ட அக்காலத் தமிழர், மூர் மார்க்கெட்டின் செந்நிறச் சுவர்களைக் காணாமல் வண்டி ஏறியிருத்தல் அரிது. 1873-ல் தோன்றிய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியே அது நின்றது. மூட்டை முடிச்சுகளை வீட்டாரின் காவலில் விட்டுவிட்டு, கல்கத்தா மெயில் புறப்படும் நேரம் வரை அங்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்த பெரியவர்கள் நம்மிடையே பலர் இருந்தனர்.

பழம்பொருளைப் போற்றுவதற்கென்று எழுந்த கட்டடமன்று அது. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் அழுக்கும் மிகுந்து நோய்க்கு இடமாயிற்று என்று கருதி, நகராட்சி புதிய சந்தை ஒன்றை வகுத்தது. 1898-ல் நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். எல்லிஸ் என்பவர் வரைந்த அமைப்பின்படி சுப்பிரமணிய ஐயர் கட்டி முடிக்க, 1900-ல் ஆளுநர் ஹேவ்லக் திறந்து வைத்தார். நடுவே முற்றமும், அதனைச் சூழ நாற்புறமும் வளைவுத் தாழ்வாரங்களும் கொண்ட அழகிய மாளிகை அது. வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நாள் முழுதும் கடை கடையாக உலவலாம்.

காலப்போக்கில் நகரம் கழித்த பொருளெல்லாம் அங்கே வந்து தங்கின. ஊர் திரும்பும் துரைமார்களின் மேசை நாற்காலிகள், பீங்கான் தட்டுகள், நின்றுபோன கடிகாரங்கள், புனல் வைத்த கிராமபோன்கள் ஆகியவற்றோடு கிளிகளும் புறாக்களும் விற்றன. பத்து ரூபாய் என்று சொன்ன பொருளை இரண்டு ரூபாய்க்குக் கேட்பது அங்கே நாணத்துக்குரிய செயலன்று. கேளாமல் வாங்கியவரையே கடைக்காரர் வியப்புடன் நோக்குவார்! கையில் காசில்லாத மாணவனுக்குப் பாடநூல் கிடைத்ததும், பெரும்புலவருக்கு அச்சில் மறைந்துபோன நூல் அகப்பட்டதும் அதே தாழ்வாரத்தில்தான்.

இனி, அவ்விடத்தின் இசை. அதனை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் திட்டமிட்ட 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் பெரும் பூங்காவின் ஒரு பகுதியிலேயே சந்தை எழுந்தது. அப்பூங்காவில் பாண்டு வாத்தியத்திற்கென மேடை ஒன்று இருந்தது. அருகிலிருந்த விக்டோரியா மண்டபத்தில், 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் நடைபெற்றன. இவற்றை அனுபவிக்க உடையும் சீட்டும் வேண்டும். சந்தைப் பக்கத்து இசைக்கோ காதுகள் இருந்தாற் போதும். மோடி மஸ்தான் மகுடி ஊதுவார்; கூட்டம் வட்டமிடும். பாம்புக்கும் கீரிக்கும் இதோ சண்டை, இதோ சண்டை என்று சொல்லிக்கொண்டே தாயத்து விற்றுவிடுவார். சண்டை மட்டும் ஒருநாளும் நடந்ததில்லை. உள்ளே பழைய இசைத்தட்டுக் கடைகளில், இளமையிலேயே 1933-ல் மறைந்த கிட்டப்பாவின் குரல் கீறலும் கரகரப்புமாக ஒலித்த காலமும் உண்டு.

இவற்றினும் நம் சிந்தனைக்குரியது சிந்துப் பாட்டு. இரயில் விபத்து, வெள்ளம், கொலை வழக்கு என எது நிகழினும், சில நாட்களுக்குள் அதனைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் அச்சிட்டு, தெருவிலும் இரயிலிலும் பாடிக்கொண்டே சில்லறைக் காசுக்கு விற்பார்கள். குஜிலிப் பாட்டு என்று கற்றோர் அதனை இகழ்ந்தனர், நூலகங்களும் வாங்கவில்லை. ஆயினும் எளிய மக்கள் எதற்கு அஞ்சினர், எதற்கு அழுதனர் என்று அறிய இன்று வரலாற்றாசிரியர் தேடுவது அந்தத் தாள்களையே. பாடியவர் குரல் காற்றோடு போயிற்று. தாள்களில் எஞ்சியவற்றுக்கோ எடைக்கடையையும் பழைய புத்தகக் கடையையும் அன்றிப் புகலிடம் இல்லை.

1985 மே மாதம் 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. எத்தனை நூல், எத்தனை தட்டு எரிந்தன என்று கணக்கெடுத்தவர் எவர்? அவை எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றவை அல்லவே! அவ்வாண்டிலேயே அண்டையில் இருந்த 'உயிர் காலேஜ்' என்னும் விலங்குக் காட்சிச்சாலையும் வண்டலூருக்குப் பெயர்ந்தது. வணிகர்களுக்கு அல்லிக்குளத்தில் வேறு கட்டடம் அமைந்தது. சந்தை நின்ற நிலத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்தது.

பழைய புத்தகக் கடைகளிலிருந்து முன்னமே வெளியேறியவை மட்டும் பிழைத்தன. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னையில் தொழில் புரிந்த ரோஜா முத்தையா, அத்தகைய கடைகளில் துருவித் துருவி நூல் திரட்டிக் கோட்டையூரில் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபோது அச்சேமிப்பில் சுமார் 50,000 நூல்கள் இருந்தன. 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. அவை சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர், தரமணியில் உள்ள அந்நூலகத்தில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.