தனிப்பாடலும் புலவர் வரலாறும்: ஒரு சான்றியல் நோக்கு

தமிழ்ப் புலவர்களின் வரலாறு என்று வழங்குவனவற்றுள் பெரும்பகுதி, அவர்கள் பாடியனவாகக் கூறப்படும் தனிப்பாடல்களிலிருந்து பின்னோக்கிச் சென்று புனையப்பட்டதாகும். ஒரு நூலின் உறுப்பாக அமையாமல், ஒரு வேளையில் ஒருவரையோ ஒரு பொருளையோ குறித்துப் பாடப்பட்டுத் தனித்து வழங்கும் செய்யுளே தனிப்பாடல். முன்னும் பின்னும் தொடர்பில்லாத அச்செய்யுளைச் சொல்பவர், இன்னார் இன்னாரை நோக்கி இன்ன சமயத்தில் பாடியது என்னும் குறிப்பையும் உடன்சொல்ல வேண்டியிருந்தது. அக்குறிப்பு கதையாக விரிந்தது. கதைகள் தொகுக்கப்பட்டபோது அவை சரித்திரம் என்று பெயர் பெற்றன. இவற்றை உள்ளவாறே ஏற்போரும் பொய்யென்று ஒதுக்குவோரும் நெடுநாள் வாதிட்டு வந்துள்ளனர். ஆயினும் இரு சாராருமே இக்கதைகளைத் தவறான நூற்றாண்டில் நிறுத்தி விசாரித்தனர் என்று தோன்றுகிறது. கம்பரைப் பற்றிய கதை கம்பர் காலத்துக்குச் சான்றாகாது எனினும், அதைச் சொல்லியும் கேட்டும் மகிழ்ந்தவர்களின் காலத்துக்கு அதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

கம்பர் காலத்தைப் பற்றிய வழக்கே இதற்குப் போதிய எடுத்துக்காட்டு. இராமாயண அரங்கேற்றம் சக ஆண்டு 807-இல், அதாவது கி.பி. 885-இல், நடந்ததாக ஒரு தனிப்பாடல் கூறுகிறது. கம்பரும் ஒட்டக்கூத்தரும் ஒரே சோழன் அவையில் போட்டியிட்டனர் என்று செவிவழிக் கதை கூறுகிறது. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடியவர் கூத்தர். அம்மூவரின் ஆட்சியாண்டுகளைக் கல்வெட்டுகள் 12-ஆம் நூற்றாண்டில் நிறுத்துகின்றன. பாட்டும் கதையும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது என்பது வெளிப்படை. ஆயினும் இரண்டும் ஒரே மரபில், ஒரே மக்களிடையே, எவ்வித உறுத்தலுமின்றி வழங்கி வந்தன. கேட்டவர்கள் காலக்கணக்கைத் தேடவில்லை. பெரும்புலவர் இருவர் ஒரே அவையில் எதிர்ப்பட்டால் என்ன நிகழும் என்பதையே கேட்க விரும்பினர். இதற்கு மாறாக, திருவெண்ணெய்நல்லூர்ச் சடையன் கம்பரின் புரவலன் என்னும் செய்தி காப்பியத்துக்குள்ளேயே இடம்பெறுவதால், அதனைத் தனிப்பாடற் கதைகளோடு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது முறையன்று.

புகழேந்தியைப் பற்றிய கதை இன்னும் வெளிப்படையாகத் தன் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நளவெண்பாவின் ஆசிரியரான அவர், தம்மை ஆதரித்தவனாக அந்நூலில் குறிப்பிடுவது சந்திரன் சுவர்க்கி என்னும் வள்ளலையே. கதையோ அவரைப் பாண்டியன் மகளுக்குச் சீதனமாகச் சோழநாட்டுக்கு அனுப்பி, ஒட்டக்கூத்தரின் சூழ்ச்சியால் சிறைப்படுத்தி, தண்ணீர் எடுக்கச் செல்லும் பெண்கள் பாடுவதற்காகச் சிறையிலிருந்தே அல்லியரசாணி மாலை முதலிய பாடல்களை அவர் இயற்றினார் என்று முடிக்கிறது. அப்பாடல்களின் மொழி நளவெண்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆகவே, பெண்கள் வீட்டில் படித்தும் பாடியும் வந்த பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள் புகழேந்தியின் பெயரில் உலவத் தொடங்கிய பின்னரே இச்சிறைக்கதை பிறந்திருக்க வேண்டும். வெண்பாவில் வல்ல ஒருவர் இத்தகைய எளிய பாட்டுகளை ஏன் பாடினார் என்று யாரோ வினவியிருக்கிறார்கள். அவ்வினாவுக்கு விடையாகவே சிறை கட்டப்பட்டது. இதனை வரலாறு என்பதைவிட, ஆசிரியர் யார் என்னும் இலக்கியச் சிக்கலுக்குக் கதை வடிவில் சொல்லப்பட்ட தீர்வு என்பதே பொருந்தும்.

காளமேகம் திருமலைராயன் அவையில் அதிமதுரகவியை வென்றதாகக் கூறும் கதையில் வரும் எமகண்டம், அதாவது நெருப்பு மூட்டிய குழிக்கு மேலே தொங்கும் உறியில் இருந்து, பிழைத்தால் உயிர்போகும் நிலையில் பிறர் கேட்டவாறெல்லாம் பாடுதல், எந்த அவையிலும் நிகழ்ந்ததா என்பது ஐயமே. எனினும் சிற்றரசர், பாளையக்காரர், ஜமீன்தார் ஆகியோரின் தயவை நாடிப் புலவர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்ட ஒரு காலத்தின் அச்சம் அதில் துல்லியமாகப் பதிந்துள்ளது.

அச்சு வந்தபின் இக்கதைகளுக்குப் புதிய உடை கிடைத்தது. இலங்கையின் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலில், ஏறத்தாழ இருநூறு புலவர்களை அகரவரிசையில் நிறுத்தினார். கிரேக்க, ரோமப் பெரியோரின் வரலாறுகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைச் சூட்டியதிலேயே அவருடைய நோக்கம் விளங்குகிறது. 1886-இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழில் எழுதிய ‘பாவலர் சரித்திர தீபகம்’ நானூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. வடிவம் கலைக்களஞ்சியத்தினது; உள்ளடக்கத்தில் பெரும்பங்கு பழைய தனிப்பாடற் கதையே. வீராசாமிச் செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’ இவ்வகையில் நேர்மை மிக்கது. அது தன்னை விநோதம் என்றே அறிவித்துக்கொண்டது.

சான்றின் தன்மையே மாறியது உ.வே. சாமிநாதையரின் ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தபோதுதான். 1815 முதல் 1876 வரை வாழ்ந்த ஆசிரியரை, அவருடைய இறுதி ஆண்டுகளில் உடனிருந்து கற்ற மாணாக்கர் எழுதிய இந்நூலில் கடிதங்களும் நேரிற் கண்டோர் கூற்றுகளும் இடம்பெறுகின்றன. ஆசிரியரின் கடனும் வறுமையும் மறைக்கப்படவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டபோது, அதன் இலக்கணப் பிழைகளால் மனம் ஒப்பாத பிள்ளை அவரைப் பலமுறை காக்கவைத்ததையும், பின் அப்பாடலைக் கேட்டு உருகிக் கொடுத்ததையும் அது பதிவுசெய்கிறது. ஆசிரியரை உயர்த்த மட்டுமே விரும்பிய மாணாக்கர் அந்தக் காத்திருப்பை எழுதியிருக்க மாட்டார். ஆயினும் இந்நூலிலும் நிகழ்ச்சிகள் பல ஒரு செய்யுளில் சென்று முடிவதைக் காணலாம். பழைய வார்ப்பு உடையவில்லை. அதற்குள் வார்க்கப்பட்ட பொருள்தான் மாறியது.

கடிதமும் பத்திரிகையும் மிகுந்த 20-ஆம் நூற்றாண்டில் கதைகள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். பாரதியின் மரணம் அவ்வெதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியதும், குவளைக்கண்ணன் அவரை மீட்டதும் 1921-இன் நடுப்பகுதியில் நிகழ்ந்தவை. அதன்பின் அவர் தேறி, ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குச் சென்று உரையாற்றித் திரும்பினார். செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து அவர் மறைந்தது வயிற்றுக்கடுப்பால். யானை தாக்கியதே அவர் இறப்புக்குக் காரணம் என்ற நம்பிக்கை, ஈரோட்டுப் பயணம் ஆவணமாக இருந்தும், இன்றளவும் நீடிக்கிறது. ஒரு மகாகவிக்கு வயிற்றுக்கடுப்பு தகுந்த முடிவாகத் தோன்றாமையே இதற்குக் காரணமாகலாம்.

இப்பின்னணியில்தான் சீனி. விசுவநாதன் பதிப்பித்து, 2024 டிசம்பரில் 23 தொகுதிகளாக முழுமையாக வெளியிடப்பெற்ற, காலவரிசையில் அமைந்த பாரதி படைப்புகளின் முக்கியத்துவத்தை மதிப்பிட வேண்டும். பொருள்வாரியாகத் தேசிய கீதங்கள், பக்திப் பாடல்கள் என்று பிரித்த பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பாடலும் தன் நாளை இழந்து தனிப்பாடலாகிவிட, அதற்குச் சூழல் கற்பிக்கும் உரிமை மீண்டும் கதைசொல்லிக்குச் சென்றிருந்தது. காலவரிசைப் பதிப்பு அவ்வுரிமையைப் பெருமளவு திரும்பப் பெறுகிறது. எனினும் முழுமையாகப் பெறவில்லை. ‘குயில் பாட்டு’ நூலாக வந்தது கவிஞர் மறைந்த பின்னர், 1923-இல். வாழ்நாளில் அச்சேறிய பாடலுக்குப் பத்திரிகைத் தேதியே சான்றாக நிற்கும். மறைந்த பின் வெளிவந்த இத்தகைய படைப்புகள் எழுந்த காலத்துக்கோ உடனிருந்தோரின் நினைவுக் குறிப்புகளையே இன்றும் நாட வேண்டியுள்ளது. மனைவி செல்லம்மாளின் நூல் 1941-லும் நண்பர் வ.ரா.வின் நூல் 1944-லும், அதாவது நிகழ்ச்சிகளுக்கு இருபதாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில், வந்தவை. புகழேந்தியின் சிறைக்கதையிடம் கேட்கும் கேள்வியை, எந்த ஆண்டில், யாருக்காக, எந்த ஐயத்தைத் தீர்க்கச் சொல்லப்பட்டது என்பதை, இவற்றிடமும் கேட்டே பயன்கொள்ள வேண்டும்.