கலைச் சறுக்கு (இந்தியா)

இசைக்கேற்பச் சுழன்றும் துள்ளியும் ஆடும் சறுக்கு விளையாட்டு. பனியில் ஆடுவது உலகப் புகழ் பெற்றது; சேலம், நாமக்கல் வெயிலுக்கு ஒத்துவருவது சக்கர வகைதான். பாதத்துக்கு நான்கு சக்கரம், முன்னும் பின்னும் இரண்டிரண்டாக. முனையில் ரப்பர்க் கட்டை. தரையில் வரைந்த வட்டங்களின் மேல் பிசகாமல் செல்வது 'ஃபிகர்' பிரிவு. பனிச்சறுக்கு உலகப் போட்டிகள் இதை 1990-க்குப் பின் கைவிட்டன. சக்கரத்தில் அது நீடித்தது. பார்ப்பவருக்குச் சலிப்பு, ஆடுபவருக்கோ அதுவே உரைகல்.

தேசியச் சாம்பியன்ஷிப்பை இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு நடத்துகிறது. அதில் வேகச் சறுக்கும் உண்டு.

இந்தியக் கலைச் சறுக்கின் பெரிய பெயர் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் தனிநபர் பிரிவில் ஒரு வெண்கலம், அவனி பஞ்சாலுடன் இணையர் பிரிவில் இன்னொன்று.

தமிழகத்தின் புகழ் வேகச் சறுக்கில். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற அணிகளில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார், ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் ஆகியோர் இருந்தனர். ஆனந்த்குமார் 2025-இல் சீனாவின் பெய்டைஹேயில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து உலகச் சாம்பியன் ஆனார், 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம்.