மூன்று காபி, 1968

என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளிகளில் கொடுக்கும் கட்டம் போட்ட நோட்டு. 1968-ஆம் வருடக் கோடையில் தஞ்சாவூரில் என் தாய்மாமாவோடு எங்கெங்கே என்னென்ன சாப்பிட்டேன் என்ற கணக்கு அதில் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது.

அப்போது எனக்கு 17 வயது. காரைக்காலில் படிப்பை முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மாமா தஞ்சாவூரில் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. சொந்தமாக ஆறு மா நிலமும் உண்டு. மாமி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார்கள். மாமாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. "பையனைத் துணைக்கு அனுப்பு" என்று அம்மாவுக்குக் கடிதம் வந்தது. பேரளத்திலும் மாயவரத்திலும் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாதம் மூன்று வேளையும் ஓட்டல்தான்.

"மாப்ளே, கை சும்மா இருந்தா எழுத்துக் கெட்டுப்போயிடும். தினம் ஆன செலவை எழுதி வை" என்றார் மாமா. நான் பின்னால் குமாஸ்தா ஆனதற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

காலையில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சோம்பு மணக்கச் செய்யும் அந்தக் குழம்பு, தஞ்சை, கும்பகோணம் பக்கம் தாண்டினால் அநேகருக்குத் தெரியாது. மத்தியானம் இலைச் சாப்பாடு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சிவகங்கைப் பூங்கா, அல்லது பெரிய கோயில். கத்திரி வெயிலில் காய்ந்த கல்தரை இருட்டிய பிறகும் காலைச் சுடும். நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, நன்னாரி சர்பத் எல்லாவற்றுக்கும் நோட்டில் வரி உண்டு. ஒரு நாள் அசோகா சாப்பிடுவதற்கென்றே திருவையாற்றுக்குப் பஸ் ஏறினோம். பாசிப்பருப்பில் அவ்வளவு நெய் விட்டுக் கிளற முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. பையன்கள் உள்ளே இறங்கிக் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ராத்திரி மட்டும் ஓட்டல் கிடையாது. 1965-இல் பஞ்ச காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார் அல்லவா? நாட்டில் பல ஓட்டல்கள் திங்கள் இரவு மூடிக் கிடந்தன. சாஸ்திரி போய் இரண்டு வருடம் ஆகியும் மாமா அந்த விரதத்தை விடவில்லை. நாட்டுப்பற்று பாதி, சிக்கனம் பாதி என்று நினைக்கிறேன்.

சாப்பிடும்போது மாமா சரித்திரம் பேசுவார். சாம்பார் தஞ்சை மராட்டிய அரண்மனையில் பிறந்தது, சிவாஜியின் மகன் சாம்பாஜி விருந்துக்கு வந்ததால் அந்தப் பெயர் என்பார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனால் அரண்மனைச் சமையலுக்கு ஆதாரம் உண்டு. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துச் சமையல் குறிப்புகள் "சரபேந்திர பாக சாஸ்திரம்" என்ற பெயரில் சரசுவதி மகால் வெளியீடாகவே வந்திருக்கின்றன.

காபி ஓட்டல் அப்படி ராஜா காலத்து விஷயம் இல்லை. நம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களில் நீராகாரத்தையும் பழையதையும் தள்ளிவிட்டுக் காபி நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதன் பின்னால் வந்தவை "காபி கிளப்" என்ற கடைகள். அநேகமாக எல்லாவற்றிலும் பிராமணாள் என்ற பலகை தொங்கும். உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். அது 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய மறியல் பல மாதம் நீண்டது. இடையில், 1955-இல், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஓட்டலில் ஒருவரை உள்ளே விடாமல் தடுத்தால் தண்டனை என்று அது சொன்னது.

ஆகவே 1968-இல் தஞ்சாவூரில் யாரும் எந்த ஓட்டலிலும் நுழையலாம். சட்டப்படி தடையே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், மாமாவின் நிலத்தில் வேலை செய்யும் பெரியவர் உளுந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமாவைவிட வயதில் மூத்தவர். விடியுமுன் கிளம்பியவர் மண்டியில் மூட்டைகளை அவரே இறக்கினார். முடிந்ததும் மாமா, "வாய்யா, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். மூன்று பேரும் நடந்து ஓர் ஓட்டல் வாசலுக்கு வந்தோம். மாமாவும் நானும் உள்ளே போனோம். திரும்பிப் பார்த்தால் பெரியவரைக் காணோம். வாசலுக்குப் பக்கத்தில் சுவரோரம் குந்தியிருந்தார்.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமா, "வெளியே ஒண்ணு" என்றார். அந்த இரண்டு சொல்லே சர்வருக்குப் போதுமானதாக இருந்தது. எங்களுக்குப் பித்தளை டவரா டம்ளரில் நுரையோடு வந்தது. அவருக்குக் கண்ணாடி கிளாஸில் போயிற்று. குடித்து முடித்து, தெருக் குழாயில் தானே கழுவி, வாசற்படியில் கவிழ்த்து வைத்தார்.

நான் படித்த பள்ளியில் லிபெர்தே, எகாலிதே, ஃப்ரத்தெர்னிதே என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். "அவரையும் உள்ளே கூப்பிடலாமே மாமா" என்று வாய் வரைக்கும் வந்தது. மாமா ரவா தோசைக்குச் சொல்லிவிட்டிருந்தார். தோசை வந்தது, சாப்பிட்டேன்.

அன்று ராத்திரி நோட்டில் "த்ருவா கஃபே" என்று எழுதி, எதிரே 60 காசு போட்டிருக்கிறேன். மூன்று காபி. கூட்டல் சரியாக இருக்கிறது. மூன்றாவது காபி எங்கே, எதில் குடிக்கப்பட்டது என்று ஒரு சொல்லும் இல்லை.

புது ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் மாமி கைக்குழந்தையோடு திரும்பிவிட்டார்கள். நானும் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த வருடம் டிசம்பர் 25 இரவு, அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்த கீழ்வெண்மணியில், விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில் வளர்ந்த தகராறு. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கவிழ்த்து வைத்த கிளாஸ்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரிலேயே குடியேறிய பிறகு பழைய புத்தகங்கள் படிக்க நேரம் கிடைத்தது. ஓட்டல் வருவதற்கு முன் வழிப்போக்கருக்குச் சத்திரம்தான் கதி. ராமேசுவரம் போகும் பாதையில் மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பல. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை நம் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 1801-இல் சரபோஜி மன்னர் இந்தச் சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் அங்கே சோறு போடப்படுகிறது, சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியாகக் கொடுக்கப்படுகிறது, நடு இரவில் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரச் சொல்லிக் கூவுகிறார்கள் என்று அதில் விவரம் இருக்கிறது.

எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் கடைசியில் நிற்பவர் ஒருவர் உண்டு என்பதை ராஜா கணக்கில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்து, சமத்துவம் படித்து, எதிரிலேயே உட்கார்ந்திருந்த நான் எழுதவில்லை.

மாமா இப்போது இல்லை. பெரியவரும் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் பெயரைக்கூட நான் நோட்டில் குறித்து வைக்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பி, ஆபீஸ் பழக்கப்படி ஓரத்தில் தமிழில் ஒரு குறிப்புச் சேர்த்து, தேதி போட்டுச் சுருக்கெழுத்து வைத்தேன்.

"திருத்தம்: இரண்டு காபி உள்ளே. ஒன்று வாசலில்."