மருதமுனையின் ‘னை’

கல்முனை, நற்பிட்டிமுனை, மருதமுனை. பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இந்த மூன்று ஊர்களின் பெயர்களும் ஒரே எழுத்தில் முடிகின்றன. கடைப் பலகை, பள்ளிவாசல் நோட்டிஸ், கலியாணக் காட், ஜனாஸா அறிவித்தல் என்று எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் ‘னை’ அச்சாகாத நாள் இருக்காது. அப்படி ஒரு ‘னை’ பிறந்து, வளர்ந்து, கரைந்துபோனதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அது என் மாமாவின் பதாகையில் இருந்த ‘னை’.

மாமா மருதமுனையில் தறி வைத்திருப்பவர். சாரனும் சாரியும் நெய்கிறார். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக ‘மருதமுனை கைத்தறி’ என்று பத்தடிக்கு நாலடியில் ஒரு பதாகை அடிக்க வேண்டியிருந்தது. கல்முனையில் ஒரு கடைக்குப் போனோம். மாமா கையோடு அவருடைய வாப்பா காலத்துப் பில் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த புத்தகம். அதில் ‘னை’ இன்றைய ‘னை’ அல்ல. ‘ன’வின் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு சுழி ஏறியிருந்தது. ணை, லை, ளை, னை நான்குக்கும் அந்தத் துதிக்கை இருந்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை எடுத்துவிட்டது. இலங்கையில் புதிய வடிவம் அதற்குப் பிறகுதான் வழக்குக்கு வந்தது. “இந்த எழுத்தே வேணும் தம்பி” என்று மாமா கேட்டார். “அது எங்கட பொன்ட்டில இல்ல காக்கா” என்றார் கடைத் தம்பி.

அவர் கோரல் ட்ரோவைத் திறந்து, பாமினி பொன்ட்டைத் தெரிவுசெய்து, கீபோர்டைப் பார்க்காமலே ஆறு தரம் தட்டினார். கே, பெரிய யூ, ஜே, பெரிய கே, ஐ, டி. திரையில் ‘மருதமுனை’ வந்தது. ஐயில் ‘ை’ இருக்கிறது, டியில் ‘ன’ இருக்கிறது. கை எழுதும் ஒழுங்கில் முதலில் கொம்பு, பிறகு ‘ன’. கணினிக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆறு ஆங்கில எழுத்து. அவற்றுக்குத் தமிழ் உருவத்தை உடுத்திவிடுவதுதான் பாமினியின் வேலை. யூனிகோடு இதற்கு நேர்மாறு. அங்கே ‘ன’ முதலில், ‘ை’ பிறகு. திரையில் காட்டும் நேரத்தில்தான் மென்பொருள் கொம்பை முன்னுக்குத் தூக்கி வைக்கிறது. 1991இலேயே யூனிகோட்டில் தமிழ் வந்துவிட்டாலும் எங்கள் பக்கத்து அச்சு வேலையில் பெரும்பகுதி இன்னும் பாமினியிலேயே நடக்கிறது. பழகிய விரல்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த ‘னை’யைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். நூறு மடங்கு பெருக்கினாலும் விளிம்பு வழுவழுவென்றே இருந்தது. ஏனென்றால் உள்ளே மை இல்லை, நிறம் இல்லை, கணக்கு மட்டும்தான் இருக்கிறது. எழுத்தைச் சுற்றிச் சில புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குக் கோடு எப்படி வளைந்து போக வேண்டும் என்று ஒரு சூத்திரம். இந்தச் சூத்திரம் கார்த் தொழிற்சாலையில் பிறந்தது. 1959இல் சித்ரோன் கம்பனியில் போல் தெ காஸ்தெல்ஜோவும், அதன் பிறகு ரெனோவில் பியேர் பெசியேயும் காரின் உடம்பு வளைவை எண்களில் எழுதி வைக்க வழி தேடினார்கள். காருக்காகக் கண்ட வளைவு எண்பதுகளில் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியோடு அச்சுத் தொழிலுக்குள் வந்தது. இன்று மருதமுனையின் ‘னை’யை அதுதான் தாங்கி நிற்கிறது.

“கர்வ் பண்ணவா?” என்று தம்பி கேட்டார். கன்ட்ரோலும் கியூவும் சேர்த்து ஒரு தட்டு. அந்த நொடியிலிருந்து அது எழுத்தாக இல்லை, வெறும் உருவம். திருத்த முடியாது, தேட முடியாது. ஆனால் எந்த ஊர் இயந்திரத்துக்கு அனுப்பினாலும் குலையாது. கர்வ் பண்ணாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஒருமுறை வெளியூர் அச்சகமொன்றுக்கு நான் அனுப்பிய நோட்டிஸ், அங்கே பாமினி இல்லாததால் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே அடித்து வந்தது. ஐந்நூறு பிரதி. ஒருவரும் வாய்விட்டுப் படிக்க முடியாத ஐந்நூறு பிரதி.

இனி வருவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய திருப்பம். எழுத்தின் கோட்டை அப்படியே எடுத்துப் பதாகை இயந்திரம் அடிக்காது. திரையானாலும் பிரின்டரானாலும் அதற்குத் தெரிந்தது கட்டம் மட்டும். பதாகைப் பரப்பு முழுவதையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கணினி ஒரே கேள்வியைக் கேட்கிறது: நீ ‘னை’யின் கோட்டுக்கு உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா? உள்ளே என்றால் கறுப்பு, வெளியே என்றால் வெள்ளை. கோடு சதுரத்தின் நடுவால் போனால், எவ்வளவு மூடப்பட்டதோ அந்த அளவுக்குச் சாம்பல். அந்தச் சாம்பல்தான் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வளைவாகத் தெரிகிறது.

இதை நான் மாமாவுக்கு விளக்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “இது பாவும் ஊடும்தானே மகன்.”

உண்மைதான். தறியில் வளைவு என்று ஒன்று கிடையாது. பாவு நூல் நெடுக்கே போகிறது, நாடா ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகிறது. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நூல் மேலே, மற்றது கீழே. அவ்வளவுதான். கரையில் ஒரு பூவோ மாங்காயோ வர வேண்டுமென்றால் முதலில் அதைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக நிரப்பி, எந்த நூல் எப்போது மேலே ஏற வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அங்குலத்துக்கு நாற்பது பாவு என்று வைத்துக்கொண்டால் ஓர் அங்குல அகலப் பூவுக்குக் கிடைப்பது நாற்பது கட்டம். அதற்குள் எந்த வளைவையும் படிக்கட்டாகத்தான் காட்டலாம். நூல் மெல்லிசாக மெல்லிசாகப் படி சின்னதாகும். கணினிக்காரர் பிக்சல் என்கிறார், மாமா இழை என்கிறார். அவர் கையில் அந்தக் கணக்கு கணினி வருவதற்கு முன்பே இருந்தது. கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊரில் இதை நான் பாடம் நடத்தப் பார்த்திருக்கிறேன்.

கடைத் தம்பி அங்குலத்துக்கு 72 பிக்சல் கொடுத்தார். வீதியில் தொங்குவதற்கு அது தாராளம். பத்தடி என்றால் 120 அங்குலம், அதாவது 8,640 பிக்சல். நாலடிக்கு 3,456. பெருக்கினால் இரண்டு கோடியே 98 லட்சம் சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு கணக்கு. சில எண்களுக்குள் அடங்கியிருந்த ‘னை’, ஓரடி அகலத்தில் இப்போது குறுக்கே 864 சதுரமாக விரிந்தது. இயந்திரத்தின் தலை இடமும் வலமுமாக ஓடி, பிளாஸ்டிக் துணியில் மைத்துளியாக அதைத் தூவியது. மாமா கிட்டப் போய்ப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். கறுப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்.

பெருநாள் முடிந்தது. வெயிலும் கடற்காற்றும் பட்டுப் பதாகை வெளுத்தது. அடுத்த வருடம் இருபதடியில் வேண்டும் என்று மாமா கேட்டபோது கடைக் கணினியில் பைல் இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாகி, எல்லாம் போய்விட்டதாம். எங்களிடம் எஞ்சியிருந்தது வட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றுதான். வட்ஸ்அப் அதை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியிருந்தது. 864 சதுரம் குறுக்கே ஓடிய ‘னை’க்கு மிஞ்சியது 160. அதுவும் சுத்தமான 160 அல்ல. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பதை எறிந்துவிடும். கறுப்பு எழுத்து வெள்ளையைத் தொடும் இடத்தில்தான் அந்தச் சேதம் கண்ணில் குத்தும். ‘னை’யின் சுழிகளைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல ஓர் அழுக்கு.

அதை இருபதடிக்கு இழுத்தால் எழுத்தும் இரண்டடி அகலமாகும். ஒவ்வொரு சதுரமும் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர். மாமா திரையைப் பார்த்துவிட்டு, “இது முரட்டு நூல்ல நெய்த மாதிரி இருக்கு” என்று சொல்லி எழும்பிவிட்டார். படத்தை மறுபடி கோடாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. தம்பி முயன்றும் பார்த்தார். அது அழுக்கையும் எழுத்தென்று நம்பி அதைச் சுற்றியும் கோடு போட்டது. கோட்டிலிருந்து கட்டத்துக்கு ஒரு நொடியில் போகலாம். கட்டத்திலிருந்து கோட்டுக்குத் திரும்பும்போது ஊகம் மட்டும்தான் கையில் இருக்கும். கடைசியில் அந்தத் தம்பி எல்லாவற்றையும் புதிதாகத் தட்டி எழுதினார்.

ஒரு பதாகை போனால் போகட்டும். எங்கள் ஊர்களில் எத்தனை பள்ளிவாசல் முத்திரை, பாடசாலைச் சின்னம், விளையாட்டுக் கழகக் கொடி இப்படி வட்ஸ்அப் படமாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்று நினைக்கையில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வருடத்துக்கு வருடம் ஒரு பிரதியின் பிரதியிலிருந்து அடிக்கிறோம். பிறையின் முனை மழுங்குகிறது, அரபு எழுத்தின் புள்ளி காணாமல் போகிறது.

நிருவாகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது கையில் ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். கர்வ் பண்ணிய பைல் ஒன்று, பண்ணாத பைல் ஒன்று, அதில் பாவித்த பொன்ட், மூன்றையும் ஒரே போல்டருக்குள் போட்டுத் தரச் சொல்லுங்கள். கோரல் ட்ரோ இல்லாத இடத்திலும் திறக்க ஒரு பிடிஎப் பிரதியும் கேளுங்கள். ஒரு பிரதியைச் செயலாளர் வீட்டிலும், இன்னொன்றை ஈமெயிலிலும் வையுங்கள். மாமா இப்போது தன்னுடையதைப் பழைய பில் புத்தகத்தோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.