யாழ் எங்கே போயிற்று?

ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குப் போயிருந்தேன். சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த லீலையைக் காணப் பெருங்கூட்டம். அருகில் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“நாளைக்கு விறகு விற்ற லீலை, தம்பி. பாணபத்திரருக்காகச் சாமி யாழோடு போய், ஏமநாதன் திண்ணையில் சாதாரி பாடினாரே! அந்த யாழ் நம்ம வீணைதானே?”

“ஆமாம், ஐயா” என்றேன். விளக்கிச் சொல்லச் சோம்பல். வீடு திரும்பியதும் அந்தப் பொய் உறுத்தியது.

வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்கு மெட்டு அழுத்தினால் பல சுரங்கள் பிறக்கும். யாழில் நரம்புக்கு ஒரு சுரந்தான். ஆகவே எத்தனை நரம்பு கட்டுவது, எப்படிச் சுருதி கூட்டுவது என்பதே பாணனின் முதற்கவலை. நரம்புக் கருவி எதற்கும் உள்ள கவலைதான் இது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி (மறைவு 1949) தமது பன்னிரண்டு தந்திக் கித்தாருக்குத் தடித்த தந்திகளைக் கட்டி, சுருதியை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். நம் பாணர்களுக்கோ பேரியாழில் 21, மகரயாழில் 19, சகோடயாழில் 14, செங்கோட்டியாழில் 7 நரம்புகள். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் கணக்கு இது.

கூட்டும் முறையோ வெகு நேர்த்தி! தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம் என ஐந்தாம் நரம்பாக எண்ணிக் காதால் ஒத்துப் பார்ப்பார்கள். ஏழும் கூடினால் செம்பாலை, இன்றைய அரிகாம்போதி. பிறகு ஒரு நரம்பையும் முறுக்காமல், துத்தத்தையே குரலாகக் கொண்டு வாசித்தால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி!

இக்கணக்கையெல்லாம் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதத் தேர்வு தேறியவர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

இவ்வளவு நேர்த்தியான கருவி ஏன் மறைந்தது? நரம்பை அழுத்தி இழுத்துக் கமகம் காட்ட யாழில் வழியில்லை, வீணையில் உண்டு. இதுவே காரணம் என்பது என் எண்ணம். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 மெட்டுகள் நிலைத்தபோது, யாழ் வெறும் பெயராகிவிட்டிருந்தது. இன்று அந்தப் பெயரையும் வீணைக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

அடுத்த ஆவணி மூலத்துக்கும் புட்டுத்தோப்புக்குப் போவேன். அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து, “இல்லை ஐயா, அது வேறு, இது வேறு” என்று சொல்லியாக வேண்டும்.