வள்ளூர் நிலக்கரியும் கன்னிசாரோவின் கையேடும்

மீஞ்சூர் பக்கம் போறவங்க வள்ளூர் அனல்மின் நிலையத்தைப் பார்க்காம தாண்ட முடியாது. என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டா கட்டினது. 2012-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது. இப்போ மூணு யூனிட், 1500 மெகாவாட். எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பல்ல வர்ற நிலக்கரிதான் தீனி.

அந்த நிலக்கரியில இருக்கிற கார்பன் ஒரு கிலோ, கந்தகம் ஒரு கிலோ எடுத்துக்குங்க. எதுல அணு அதிகம்? (ஒரு கிலோ இரும்பா, பஞ்சாங்கிற கடி இல்லீங்க!) கார்பன் அணுவோட எடை 12, கந்தகம் 32. அணு கனமா இருந்தா எண்ணிக்கை குறையும். அதனால கார்பன்ல 2.67 மடங்கு அதிகம். ப்ளஸ் ஒன்ல ரெண்டு மார்க் கேள்வி.

ஆனா இந்த 12-க்காக அரை நூற்றாண்டு அடிச்சுக்கிட்டாங்க. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம், ஒரே கனஅளவுன்னா எந்த வாயுவிலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒண்ணுதான்னு 1811-லயே அவகாட்ரோ சொல்லிட்டார். பெரிசா யாரும் கண்டுக்கலை. கார்பன் 6-னு ஒரு கோஷ்டி, 12-னு ஒரு கோஷ்டி. 6-னு வச்சா அதே ஒரு கிலோவுல அணுக்கள் இரட்டிப்பாயிடும்! அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்ப்பாடுகளை கெகுலே பட்டியல் போட்டார்னா பார்த்துக்குங்க.

1860-ல் ஜெர்மனியில கார்ல்ஸ்ரூ நகரத்துல வேதியியலாளர்கள் கூடினாங்க. முடிவு ஒண்ணும் வரலை (நம்ம புராஜெக்ட் மீட்டிங் மாதிரியே). கலையுற நேரத்துல இத்தாலிக்காரர் கன்னிசாரோவோட கையேடு கைக்குக் கை போச்சு. அவகாட்ரோ சொன்னதை வச்சே அணு எடைகளை ஒழுங்கா கணக்குப் போட்டிருந்தார். அங்கே வந்திருந்த மெண்டலீவும் லோதர் மேயரும் பின்னாடி தனிம அட்டவணை போட்டது அந்த மாதிரி எடைகளை நம்பித்தான். அவகாட்ரோ பாவம், 1856-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

இதுல வேடிக்கை, ஒரு அணுவைக்கூட எண்ணாமலே விகிதம் கிடைச்சதுதான். 1865-ல் லோஷ்மிட், 1908 வாக்கில் பெரின்னு எண்ணிக்கை அப்புறம்தான் வந்தது.

சரி, வள்ளூருக்கு வருவோம். நம்ம நாட்டு நிலக்கரியில கந்தகம் அரை சதவீதம் அளவுதான். 1000 டன் எரிச்சா 5 டன். ஒவ்வொரு கந்தக அணுவும் ரெண்டு ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்கும். 16-ம் 16-ம் 32, எடை சரிக்குச் சரி. ஆக 10 டன் கந்தக டை ஆக்சைடு. அதைப் பிடிக்கணும்னா கந்தக அணு ஒண்ணுக்கு சுண்ணாம்புக்கல் மூலக்கூறு ஒண்ணு, எடை 100. அஞ்சு டன்னுக்குக் குறைஞ்சது 15.6 டன் கல்லு வேணும். சும்மா விட்டுட்டா செலவே இல்லை.

2015 டிசம்பர்ல மத்திய அரசு இந்த வாயுவுக்கு வரம்பு வச்சு, ரெண்டு வருஷம் கெடு குடுத்தது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில நாட்டோட பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு வாயுவைப் பிடிக்கிற கருவி கட்டாயமில்லைன்னு ஆயிடுச்சு. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, இந்திய நிலக்கரியில கந்தகம் கம்மிங்கிறது. சதவீதத்துல கம்மிதான். எண்ணூர் வட்டாரத்துல ஒரு நாளைக்கு எத்தனை டன் எரியுதுன்னு பெருக்கிப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.